அபிநவகுப்தாசாரியரும் மெய்ப்பாட்டு ஆராய்ச்சியும்

உள்ளத்தில் நிகழும் உணர்ச்சி உடம்பின்கண் வெளிப்பட்டுத் தோன்றுதலை நம் பண்டை ஆசிரியர் மெய்ப்பாடு என்னும் ஒரு சொல்லால் வழங்கினர். தொல்காப்பியனார் பொருளதிகாரத்தில் அதற்கெனத் தனி இயலே வகுத்து, நகை முதல் உவகை ஈறாக எட்டென எண்ணி, அவை பிறக்கும் நிலைக்களன்களையும் நான்கு நான்காகக் காட்டினர். வடமொழியில் பரதமுனிவர் பெயரால் வழங்கும் நாட்டிய சாத்திரம் தன் ஆறாம் ஏழாம் அத்தியாயங்களில் இப்பொருளையே விரித்துரைக்கின்றது. இழவுற்றான் கண்ணீர் வார்தலும், அஞ்சினான் நடுங்கலும், வெகுண்டான் கண் சிவத்தலும் யாவரும் அறிந்தனவே. இவற்றிற்குக் காரணங் கூறுதல் அரிதன்று. அரியது வேறொன்று. தமக்கு யாதோர் இழவும் நேராதார், கூத்தரங்கில் ஒருவன் பிறனொருவனாக வேடம் புனைந்து அழக் கண்டு தாமும் அழுகின்றனர்; அழுது இல்லம் மீண்டவர் அவ்வழுகையை வெறாது, அதனை ஓர் இன்பமாகப் பாராட்டி, மீண்டும் அவ்வரங்கையே நாடிச் செல்கின்றனர். துன்பம் இன்பமாதல் யாங்ஙனம்?

இவ்வினாவை எடுத்து, நெடிது ஆராய்ந்து, இன்றைய உளநூலாரும் மதிக்கத்தக்க விடை கண்டவர் ஒரு சைவர். காச்மீர தேசத்தில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகட்கு முன் விளங்கிய அபிநவகுப்தாசாரியர். அவர் அத்துவித சைவக் கொள்கையினர். நம் சித்தாந்தத்தோடு முடிபில் வேறுபட்டவர். அதுபற்றியே போலும், நம் மடங்களிலும் கழகங்களிலும் அவர் பெயர் மறுக்கப்படும் பக்கத்தில் வைத்துக் கேட்கப்படுவதன்றி, அவர் வாழ்க்கை விரித்துரைக்கப்படுதல் அரிது. கொள்கையை மறுப்பவர்க்கும் கொள்கையுடையாரை அறிதல் கடனாதலின், அவர் சரிதத்தை ஈண்டு உரைக்கப் புகுகின்றோம். அதற்கு வேண்டும் செய்திகளுள் பெரும்பாலன அவரே தம் நூல்களின் முடிவில், சிறப்பாகத் தந்திராலோகத்தின் இறுதிப் பகுதியில், எழுதி வைத்தன. வடமொழிப் புலவர் பலர் தம்மைப்பற்றி ஒரு வரியும் எழுதாது மறைந்தனராக, இவர் தம் குலம், தாய் தந்தையர், ஆசிரியர், நண்பர் ஆகிய எல்லோரையும் நன்றியோடு பெயர் சுட்டியமை நமக்குப் பெரும்பேறாயிற்று.

கங்கை யமுனை என்னும் இரண்டு யாறுகட்கும் இடைப்பட்ட அந்தர்வேதி நாட்டில் அத்திரிகுப்தர் என்னும் அந்தணர் ஒருவர் கல்வியால் மேம்பட்டு வாழ்ந்தனர். எட்டாம் நூற்றாண்டில் காச்மீர வேந்தனாகிய லலிதாதித்தன் கன்னோசி வேந்தன் யசோவர்மனை வென்று மீண்டபொழுது, அவ்வந்தணரைத் தன்னாட்டிற்கு அழைத்துச் சென்றான். இன்று ஸ்ரீநகரம் எனப்படும் பிரவரபுரத்தில், விதஸ்தை யாற்றங்கரையில், பிறைசூடிய பெருமான் திருக்கோயிலுக்கு எதிர்முகமாக அவர்க்கு மனை அமைத்து, பெருஞ்செல்வமும் வழங்கினான். அம்மரபில் பல தலைமுறை கழிந்தபின் வராககுப்தர் என்பார் தோன்றினர். அவர் மகனார் நரசிம்மகுப்தர். ஊரார் அவரைச் சுகுலகர் என்று அழைத்தனர். அவர்க்கு விமலகலை என்னும் அம்மையார் வயிற்றில் உதித்தவரே நம் சரித நாயகர். பிறந்த ஆண்டு எழுதப்படவில்லை. அவர் தம் நூல்களுள் மூன்றற்குக் காலம் குறித்துள்ளார், கிரமஸ்தோத்திரம் கி. பி. 990-91, பைரவஸ்தோத்திரம் 992-93, ஈசுவரப் பிரத்தியபிஞ்ஞா விவிருதி விமர்சினி 1014-15. இவற்றைக் கொண்டு, பத்தாம் நூற்றாண்டின் நடுவில் அவர் பிறந்திருத்தல் வேண்டும் என ஆராய்ச்சியாளர் துணிவர்.

குழந்தைப் பருவத்திலேயே தாய் இறந்தார். இவ்விழவைப்பற்றி அவர் முதிர்ந்த வயதில் எழுதியது படிப்பார் உள்ளத்தை நிறுத்தி வைப்பது. தாயே உறவினருள் தலையாயவள் என உலகம் கூறும். அவளிடத்து வைத்த அன்போ பாசங்களை மேலும் இறுக்குவது. வேராகிய அக்கட்டு அறுந்தபின் வாழும்பொழுதே வீடு அணித்தாயிற்று என்று தாம் எண்ணுவதாகவும், மேல்வரும் செயல்கட்கு விதி முன்னரே ஒருவனைப் பதப்படுத்துகின்றது என்றும் அவர் கருத்துரைத்தனர். பாசம் என்னும் சொல் நம் சாத்திரத்தில் என்ன பொருள் பயக்கும் என்பதை இதழ் படிப்பார்க்கு நாம் விளக்கவேண்டுவதில்லை. வன்னெஞ்சர் ஒருவர் கூற்றாக இதனைக் கொள்ளல் ஆகாது. தாயின் பிரிவை முற்ற மறந்தவர் நாற்பது ஆண்டுகட்குப் பின்னும் அதனை எழுத எடுத்துக்கொள்ளார். அழுத கண்ணீரை ஆராய்ச்சியாக மாற்றிக்கொண்ட ஒருவர் கூற்று அது என்பதே நம் கருத்து.

தந்தையாரும் இளமை நீங்குமுன்னரே உலகப் பற்றுத் துறந்து சிவபத்தியில் நின்றனர். ஆயினும் மகனுக்கு இலக்கணம் கற்பித்தவர் அவரே. பின்னர் அபிநவகுப்தர் ஆசிரியர் பலரை நாடிச் சென்றனர். பட்ட தௌதரிடம் நாட்டிய சாத்திரமும், பட்டேந்துராசரிடம் ஆனந்தவர்த்தனரின் தொனிநூலும், உற்பலதேவர் மாணவராகிய இலக்குமணகுப்தரிடம் பிரத்தியபிஞ்ஞை என்னும் அத்துவித சைவ நூலும் கேட்டனர். துவித ஆகமங்களை வாமநாதரிடத்தும், கிரம மார்க்கத்தைப் பூதிராசரிடத்தும் பயின்றனர். இவை போதாவாக, பிற கொள்கைகளை அறியும் வேட்கையால் தார்க்கிகர், பௌத்தர், சமணர், வைணவர் ஆகியோர் இல்லங்களிலும் பணிந்து கேட்டதாக அவரே கூறுகின்றார். பிற சமய நூலை அச்சமயத்தார் வாயிலாகவே கேட்டபின் மறுக்கும் இவ்வொழுக்கம் இக்காலத்துக் கண்டனக்காரர்க்கு எத்துணைத் தொலைவிலுள்ளது! இறுதியில் ஜாலந்தரத்திலிருந்த சம்புநாதர் அவரை ஆட்கொண்டனர். தமக்கு மெய்யுணர்வு அளித்த குருவாக அவர் போற்றுவது இவரையே.

இளமையில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் குறித்தல் வேண்டும். பின்னர் அதனோடு நமக்குப் பெரிதும் தொடர்புண்டு. காவிய நாடகங்களின் செறிந்த சுவையில் அவர் மூழ்கியிருந்த காலை, தாம் அழையாதிருக்கவும், கள்வெறி போன்றதொரு சிவபத்தி தானே வந்து தம்மைப் பற்றிக்கொண்டது என்று எழுதுகின்றார். அதன்பின் உலகத் தொழிலொன்றும் மனத்துப் புகவில்லை. ஆசிரியர் மனைகளில் அடிமைபோல் ஏவல் செய்து திரிந்தார். திருமணம் செய்துகொண்டிலர்.

அவர் வாழ்ந்த காச்மீரம் பெரும்பகுதியும் தித்தை என்னும் அரசியின் ஆட்சிக்குட்பட்டிருந்தது; 980 முதல் 1003 வரை அவள் தானே முடிசூடி ஆண்டாள். அரண்மனைச் சூழ்ச்சிகள் மிக்க காலம். ஆயினும் கல்விக்குக் குறைவில்லை. நம் சித்தாந்த சைவத்தின் வடமொழி ஆசிரியராகிய நாராயணகண்டரும் அவர் மகனார் இராமகண்டரும் அந்நாட்டினரே. இராமகண்டர் அபிநவகுப்தர் காலத்தை ஒட்டியவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் நம் நாட்டு அகோரசிவாசாரியர் பின்பற்றியது அவ்விராமகண்டர் வழியையே. ஆகவே துவிதமும் அத்துவிதமும் ஒரே யாற்றங்கரையில் எதிரெதிர் நின்று வளர்ந்தன என்க.

இனி, மெய்ப்பாட்டு ஆராய்ச்சிக்கு வருவோம். நாட்டிய சாத்திரத்திற்கு அவர் இயற்றிய பேருரை அபிநவபாரதி எனப்படும். அத்தியாயந்தோறும் ஒரு தத்துவமாக, நிலம் முதலாக மேலேறும் 36 தத்துவ முறையில் சிவபெருமானை வணங்கித் தொடங்குதல் அவ்வுரையின் மரபு. ஆடலும் பாடலும் கூறும் நூலைத் தத்துவப் படிகளாகக் கண்ட உரையாசிரியர் பிறரை நாம் அறியோம். அவ்வுரையின் ஆறாம் அத்தியாயமே நம் ஆராய்ச்சிக்கு உயிர்நிலை.

காரணமாகிய விபாவமும், மெய்யில் தோன்றும் அநுபாவமும், வந்து மறையும் வியபிசாரி பாவமும் கூடச் சுவை பிறக்கும் என்பது பரதர் கொள்கை. அச்சுவை யார்மாட்டுப் பிறக்கின்றது என்பதே அபிநவகுப்தர்க்கு முன்னோர் மலைந்த பொருள். உலொல்லடர் என்பார், நிலைத்த பாவம் வலுப்பெற்றதே சுவை, அஃது இராமன் முதலிய தலைமக்கள்பாற் கிடப்பது, நடிகனிடத்தும் ஏற்றிக் காணப்படுவது என்றனர். சங்குகர் அதனை மறுத்து, ஓவியத்துக் குதிரையைக் குதிரையென்று காணுமாறு போல, நடிகன் செய்யும் போலியைக் கொண்டு அவையோர் அநுமானிப்பதே சுவை என்றனர். பட்டநாயகரோ, அயலார் துன்பம் தம்மதாகவும் பிறர்தாகவும் அறியப்படின் சுவை பிறவாது என்பதைத் தெளிந்து, காவியச் சொற்கு அப்பாவங்களைப் பொதுமையாக்கும் ஆற்றலும், பின்னர் நுகர்விக்கும் ஆற்றலும் உண்டென்று கொண்டனர். அபிநவகுப்தர் இம்மூவரையும் முறையே ஆராய்ந்து, குற்றங் களைந்து, பட்டநாயகர் கூறிய பொதுமையை ஏற்று, புதிய ஆற்றல்களைக் கற்பித்தல் வேண்டா என விலக்கினர். முன்னோர் கொள்கைகளைத் தாம் இடித்துத் தள்ளவில்லை என்றும், அவை படிகளாக அமைந்தமையாலன்றோ தாம் மேலேற முடிந்தது என்றும் அவர் கூறும் பணிவு போற்றத்தக்கது.

அவர் கண்ட முடிபு இது. பிறந்த உயிர் ஒவ்வொன்றும் காதல், நகை, அவலம், வெகுளி, ஊக்கம், அச்சம், இளிவரல், வியப்பு ஆகிய பாவங்களின் வாசனையோடேயே பிறக்கின்றது. இன்பத்தை விழையாத உயிரும், பிறரை எள்ளாத உயிரும், தனக்கு ஒவ்வாததை அருவருக்காத உயிரும் இல்லை. மிகுதி குறைவு உண்டு, உரிய பொருளிற் செல்வதும் உரியதல்லாப் பொருளிற் செல்வதும் உண்டு, இன்மை இல்லை. இவை நிலைத்த பாவங்கள். வாட்டம், ஐயம், சோம்பல் போன்றன வந்து நீங்குவன. காரணம் நீங்கின் சுவடின்றி மறைவன. இவ்விரண்டனையும் வேறுபடுத்தறிய அவர் கூறும் சோதனை மிக எளிது, மிகக் கூரியது. ஒருவன் வாடியிருக்கின்றான் என்றால், ஏன் வாடினான் என உடனே கேட்கின்றோம். இராமன் ஊக்கமுடையான் என்றால், ஏன் ஊக்கமுற்றான் என எவரும் கேளார். வினா எழும் இடத்துப் பாவம் நிலையாதது. வினா எழாத இடத்து நிலைத்தது. இவ்வளவு சிறிய கருவியால் மனித உள்ளத்தின் அடித்தளத்தையும் மேற்பரப்பையும் பிரித்துக் காட்டியவர் வேறொருவர் உளரோ என ஐயுறுகின்றோம். இச்சோதனையை நினைவிற் கொள்க, மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

அரங்கில் நிகழ்வது யாது? காளிதாசரின் சாகுந்தல நாடகத் தொடக்கத்தில் அரசன் தேரூர்ந்து துரத்த, மான் கழுத்தைத் திருப்பிப் பார்த்துப் பார்த்து ஓடும் காட்சியை அவர் எடுத்துக்காட்டாக்குகின்றார். அதனைக் கேட்பார்க்கு அந்த மான் இந்த மான் என்னும் தனிமை நீங்குகின்றது. இன்ன காலம் இன்ன இடம் என்பதும் நீங்குகின்றது. எஞ்சுவது அச்சம் ஒன்றே. யான் அஞ்சினேன் என்றோ, அவன் அஞ்சினான் என்றோ, அவன் என் பகை, நட்பு, நொதுமல் என்றோ அங்கு எண்ணம் இல்லை. அவ்வெண்ணங்கள் இருப்பின் ஓடிவிட வேண்டும், காக்க வேண்டும், மகிழ வேண்டும் என்னும் வேறு மனச்செயல்கள் புகுந்துவிடும். அவை யாவும் இன்றி, இதயத்துள் நேரே புகுந்தது போலவும் கண்முன் சுழல்வது போலவும் தோன்றும் அச்சமே பயாநக ரசம். உணர்ச்சி ஒழியவில்லை, உணர்ச்சியை எனது என்று பற்றும் பற்று ஒழிந்தது. பற்றொழிந்தமையால் உணர்வு தன்னையே சுவைக்கின்றது. அழுகை இன்பமாதல் இங்ஙனம்.

வான்மீகி முனிவர் வரலாற்றிலும் இக்கருத்தையே அவர் நாட்டுகின்றார். இணைபிரியாப் பறவைகளுள் ஒன்று வேடன் அம்பால் வீழ, மற்றொன்று கதறக் கேட்ட முனிவரின் சோகமே சுலோகமாயிற்று என்பது வழக்கு. அச்சோகம் முனிவருடைய சொந்தத் துயரமென்று கொள்ளல் ஆகாது என்கின்றார் அபிநவகுப்தர், தம் லோசன உரையில். தம் துயரத்தால் வருந்துபவன் வருந்திக்கொண்டிருப்பானேயன்றிப் பாட்டியற்றான். பறவையின் துயரம் முனிவர் உள்ளத்திற் புகுந்து, தனிமை நீங்கிச் சுவையாய் நிரம்பி, நிறைந்த குடம் ததும்பி வழிவதுபோல் வழிந்தது. வழிந்த இடத்து யாப்பாய் அமைந்தது. தலைவன், புலவன், கேட்போன் ஆகிய மூவர்க்கும் நுகர்ச்சி ஒன்றே என்று அவர் ஆசிரியர் பட்ட தௌதர் கூறியதும் இதனோடு ஒக்கும். குழந்தையில் தாயை இழந்தவர், சொந்தத் துயரத்தினின்றும் சுவையை இவ்வளவு உறுதியாகப் பிரித்து நிறுத்தினார் என்பதை ஆழ்ந்து எண்ணுதல் தகும்.

இச்சுவைக்குத் தடைகள் ஏழு என அவர் எண்ணுவர். ஏழனையும் விரித்தல் ஈண்டு மிகை. நம்பத்தகாத கதை முதலாவது. தன்மாட்டும் பிறர்மாட்டும் தனித்து வைத்து இடங்காலங்களோடு நோக்குதல் இரண்டாவது. தன் சொந்த இன்பதுன்பத்தில் அழுந்தி அரங்கில் மனம் பதியாமை மூன்றாவது. காலையில் மகனோடு பிணங்கி மாலையில் கூத்துக் காண வந்தவன் இம்மூன்றாம் தடையில் அகப்பட்டவன். ஏனைய நான்கும் அறியும் வாயிலின் குறைவு, தெளிவின்மை, முதன்மையல்லதை முதன்மையாகக் கொள்ளல், ஐயம் என்பன. பூசையும் இசையும் ஆடலும் அணியும் ஒப்பனையும் மேடை வழக்குகளும் வெறும் கேளிக்கைக்காக வந்தன அல்ல. ஒவ்வொன்றும் இத்தடைகளுள் ஒன்றனை நீக்கவே பரதர் அமைத்தது என்பது அவர் உரை. இசையும் ஆடலும் தன்னுள் அழுந்திய நெஞ்சையும் கரைத்துச் சுவைக்குரியதாக்கும். தந்திராலோகத்திலும் இக்கருத்தை வேறொரு முகத்தாற் கூறுவர். ஆடல் பாடல் காணப் பலர் கூடிய அவையில் ஒவ்வொருவர் உணர்வும் பிறர் உணர்விற் படிந்து விரிகின்றது; ஒன்றாத ஒருவன் நடுவில் இருப்பின் அவ்விரிவு சுருங்குகின்றது. திருவிழாக் கூட்டத்தில் இதனை நாம் எத்துணை முறை கண்டுள்ளோம்!

நம் மெய்ப்பாட்டியலோடு இதனை ஒப்பிட்டு நோக்கின் சில வேற்றுமைகள் புலனாகும். தொல்காப்பியனார் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நிலைக்களன் வகுத்து, உலகில் அது பிறக்கும் இடங்களை நேர் நின்று காண்கின்றார். உரையாசிரியருள் பேராசிரியர், தன் துயரால் அழுதலும் பிறர் துயர் கண்டு அழுதலும் எனப் பிரித்து, ஒன்றை அவலமென்றும் மற்றொன்றைக் கருணையென்றும் கொள்ளும் வழக்கைக் குறிக்கின்றார். அபிநவகுப்தர் எத்தனையோ ஏடுகளில் நிறுவிய வேற்றுமையின் விதை இப்பாகுபாட்டுள் அடங்கியுள்ளது எனலாம். ஒருவர் நூலை மற்றவர் கண்டனர் என நாம் கூறவில்லை, அதற்குச் சான்றில்லை. உண்மை ஒன்றாதலின் இரு வழியும் அதனருகே சென்றன.

எட்டா ஒன்பதா என்பது அடுத்த வினா. மெய்ப்பாட்டியல் எட்டொடு நின்றது. ஒன்பதாவதாகிய நடுவுநிலை உலக வழக்கைக் கடந்தார்க்கே உரியதென்று உரைகாரர் அமைதி கூறுவர். நாட்டிய சாத்திரத்தின் ஏடுகள் சிலவற்றில் சாந்தம் காணப்படும், பலவற்றில் இல்லை. அபிநவகுப்தர் சாந்தத்தைச் சேர்த்ததோடு அமையாது, அதனையே எல்லாச் சுவைக்கும் அடிநிலமாக்கினர். சாந்தத்திற்கு நிலைத்த பாவம் யாது என வினாவி, ஆன்மஞானமே என விடுத்தனர். மணிகளை இடைவிட்டுக் கோத்தவழி இடையிடையே வெண்ணூல் ஒளிருமாறு போல, காதல் முதலிய பாவங்களின் ஊடே ஆன்ம சொரூபம் ஒளிர்கின்றது என்பது அவர் உவமை. காதலும் வெகுளியும் அச்சமும் அந்நூலின்மேல் ஏறிய மணிகளே. இங்ஙனம் உணர்ச்சி ஆராய்ச்சி அவர் கையில் சமய ஆராய்ச்சியாகவே முடிந்தது. ஆயினும் காவியச் சுவையை வீட்டின்பமென்று மயங்கினார் அல்லர். காவிய இன்பம் பரமேசுவரனில் ஒடுங்கிப் பெறும் ஆனந்தக் கடலில் ஒரு துளியின் நிழலே என லோசனத்தில் ஐயமறக் கூறினார்.

இனி நமக்கும் அவர்க்கும் வழக்கு எழும் இடத்திற்கு வருகின்றோம். பத்தியைத் தனிச் சுவையாகக் கொள்ளலாமோ என்னும் வினா அவர்முன் எழுந்தது. ஈசுவரனிடத்து வைத்த பத்தியும் சிரத்தையும் சாந்தத்திற்கு உறுப்பாய் அடங்குவனவேயன்றி வேறு சுவையாகா என்று தீர்த்தார். காவியச் சுவையில் திளைத்திருந்த தம்மை அழையாது வந்து பற்றிய அப்பத்தியைப்பற்றி, அதன் வெறியைத் தம் மெய்யில் அறிந்தவரே இவ்வாறு தீர்ப்பளித்தது வியப்பே.

இத்தீர்ப்பை நாம் உடன்படுதல் அரிது. மணிவாசகப்பெருமான் திருச்சதகத்தின் முதற்பத்தைத் தொடங்கும்போதே மெய்ம்மயிர் சிலிர்த்தலும், நடுக்கமும், கைகள் தலைமேற் குவிதலும், கண்ணீர் ததும்பலும், உள்ளம் வெதும்பலும் ஆகிய மெய்ப்பாடுகளைத் தொடுத்து நிறுத்துகின்றார். பரதர் வகுத்த எட்டுச் சாத்துவிக பாவங்களுள் மூன்று அங்கே நேரே நிற்கின்றன. இவை அமைதியின் குறிகளோ? சாந்தத்தின் உறுப்பென்று இவற்றை அடக்குதல், புயலைத் தென்றலின் உறுப்பென்பது போலாம். மற்று, அபிநவகுப்தர் தாமே அளித்த சோதனையை இங்கு வைத்துப் பார்க்க. வாடினான் என்றால் ஏன் என்போம். அடியார் ஒருவர் இறைவன்பால் அன்புடையார் என்றால் ஏன் என்று எவர் கேட்பர்? வினா எழாத இடத்துப் பாவம் நிலைத்தது என்பது அவர் விதியாயின், பத்தியும் நிலைத்த பாவமே ஆதல் வேண்டும். அவர் விதியே அவர் தீர்ப்பிற்கு மாறாகச் சான்று கூறுகின்றது.

அவர் பக்கத்து நியாயமும் இல்லாமல் இல்லை. அன்பு செய்வானும் செய்யப்படுவானும் என இருவர் இருந்தாலன்றிப் பத்தி நில்லாது. சுவைப்பானும் சுவையும் சிவமே என முடிந்த அத்துவிதத்தில் அவ்விரண்டன் நிலை இடைவழியேயன்றி முடிநிலை ஆகாது. ஆதலின் பத்தியை உறுப்பாக்கி ஞானத்தைத் தலையாக்கினார். நம் சித்தாந்தத்திலோ முத்தியினும் ஆன்மா அழியாது நின்று சிவானந்தம் நுகரும். அடிமையும் அன்பும் அங்கும் ஒழியா. எனவே சுவை எட்டோ ஒன்பதோ பத்தோ என்னும் அணிநூல் வழக்கின் அடியில், முத்தியில் ஆன்மா உண்டோ இன்றோ என்னும் வழக்கே மறைந்து கிடக்கின்றது. பத்தியைத் தனிச் சுவையாக நாட்டும் முயற்சி பின்னர் 16-ஆம் நூற்றாண்டில் வைணவராகிய ரூப கோசுவாமி முதலியோரால் விரிவாக நடந்தது. அதற்குப் பல நூற்றாண்டு முன்னரே திருமுறைகளாகிய பெருஞ்செல்வத்தைக் கையிற் கொண்டிருந்த தமிழ்ச் சைவர் அத்தகைய இலக்கண நூலொன்று வகுக்காது விட்டமை வருந்தற்குரியது.

சரிதத்தைத் தொடர்வோம். தந்திராலோகம் 37 ஆஹ்நிகங்களையுடைய பெருநூல். தம்பி மனோரதரும் பிற மாணவரும் வேண்ட, இளமை நண்பராகிய மந்திரர் தம் புறநகர் மனைக்கு அழைத்துச் செல்ல, அங்கே வத்சலிகை என்னும் முதிய அம்மையார் பேணி உணவளிக்க, அமர்ந்து அதனை இயற்றினதாக எழுதுகின்றார். தாயை இழந்தவர் அவ்வம்மையாரின் பெயரை நூலிற் பொறித்து வைத்தமை சிறிய செய்தியாயினும் எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. தந்திரசாரம், மாலினீவிஜய வார்த்திகம், பராத்திரிம்சிகா விவரணம், கீதார்த்த சங்கிரகம் முதலியன பிற நூல்கள். சைவத்தில் க்ஷேமராசரும், இலக்கியத்தில் க்ஷேமேந்திரரும் அவர்பாற் கேட்டவருள் புகழ் மிக்கவர்.

தமிழ்நாட்டினர்க்குப் பெரிதும் உவகை தரும் செய்தி ஒன்றுண்டு. மதுரையினின்றும் சென்ற மதுராசர் என்னும் சிவயோகி தம் ஆசாரியராக அவரைப் போற்றி, தியான சுலோகங்களும் குருநாத பராமர்சம் என்னும் துதியும் இயற்றினர். கொடிமுந்திரிச் சோலையின் நடுவே, ஓவியம் எழுதிய மண்டபத்தில், மாலையும் விளக்கும் நறும்புகையும் சூழ, ஒருபால் இசையும் ஆடலும் நிகழ, ஆசாரியர் வீற்றிருக்கின்றார், நீண்ட தாடி, மலர்மாலையால் முடித்த சடை, நெற்றியில் திருநீறு, உருத்திராக்கம் அணிந்த செவி, வெண்பட்டு உடை, கையில் வீணை, அடியில் க்ஷேமராசர் முதலிய மாணவர் சொல்வன எழுதிக்கொண்டிருக்கின்றனர். கௌல மார்க்கத்திற்குரிய சில பொருள்களும் அவ்வருணனையில் உள. அவை நம் ஒழுக்கத்திற்கு ஏலாமையின் விடுத்தாம். சுவையை ஆராய்ந்தவர் உலர்ந்த ஏட்டுப்புலவராய் அல்லாது, வீணையைக் கையில் தாங்கியவராய் ஒரு தமிழ்நாட்டு அடியவர் கண்ணில் நிலைத்தார்.

1014-15-க்குப் பின் அவரைப்பற்றிய காலக்குறிப்பு இல்லை. 1200 மாணவர் சூழ, பைரவஸ்தோத்திரம் ஓதிக்கொண்டு, பீருவா என்னும் ஊரிலுள்ள குகையுட் புகுந்து மீளாது மறைந்தார் என்பது காச்மீரத்துச் செவிவழிச் செய்தி.

அவர் நூல்கள் நெடுங்காலம் ஏட்டிற் கிடந்தன. லோசனம் 1891-இல் பம்பாயில் அச்சேறிற்று. தந்திராலோகம் 1918 முதல் 1938 வரை பன்னிரண்டு பகுதிகளாகக் காச்மீர நூல்வரிசையில் வெளிவந்தது. அபிநவபாரதியோ காச்மீரத்தில் அகப்படாது, தென்கோடியாகிய மலையாள நாட்டு ஏடுகளில் அகப்பட்டது. மானவல்லி இராமகிருஷ்ண கவி என்னும் பெரியார் அவ்வேடுகளை ஒப்புநோக்கி, 1926-இல் முதற்பகுதியைப் பரோடா நகரத்து நூல்வரிசையில் பதிப்பித்தனர். நான்காம் பகுதி 1964-இல் முற்றிற்று. ஏடுகள் சிதைந்தும் பிழைமலிந்தும் இருந்தன. ஆறாம் அத்தியாயத்துச் சுவைப் பகுதியைச் சமணப் பேராசிரியராகிய ஹேமசந்திரர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தம் நூலில் எடுத்தெழுதியிருந்தமையால், சிதைந்த இடங்கள் சில திருந்தின. பாவங்களையும் அவை மெய்யிற் புலப்படுமாற்றையும் ஒவ்வொன்றாகக் கூறும் ஏழாம் அத்தியாயத்து உரை தொடக்கத்தோடு முறிந்துபோயிற்று. அதன் ஒரு பகுதி கல்பலதாவிவேகம் என்னும் நூலுள் பொதிந்து கிடத்தலைப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் கண்டெடுத்தனர். எஞ்சிய பகுதி இன்னும் கிடைத்திலது.